முதலில் லென்ஸ், பிறகு கேமரா: வாசகர் கேள்வி–பதில்

இம்மாதம் வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் கம்பம், கூடலூர், செங்கோட்டை ஆகிய ஊர்களிலிருந்தும், அந்தப் பக்கம் கேரளத்தின் குமுளி, வண்டிப்பெரியாறு, கொழிஞ்சாம்பாறை ஆகிய ஊர்களிலிருந்தும் வந்தவை. அனைத்தும் ஃபிலிம் கேமராவையும் அதற்குரிய லென்ஸ்களையும் பற்றியே கேட்பதால், இந்த முறை பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி (வாசகி, குமுளி): ஐயா, நான் கம்பத்தில் பிறந்து, குமுளியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். விடியற்காலையில் ஜீப்புகளில் எல்லை கடந்து ஏலத்தோட்டங்களுக்கு வரும் எங்கள் ஊர்ப் பெண்களையும், தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளையும், சித்திரா பௌர்ணமியன்று மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஏறும் மக்களையும் ஃபிலிமில் பதிவு செய்ய விரும்புகிறேன். நிக்கான் எஃப்எம்2, கேனன் ஏஈ-1, பென்டாக்ஸ் கே1000 ஆகிய மூன்றும் 50 மி.மீ. லென்ஸுடன் பழைய பொருளாக வாங்கக் கிடைக்கின்றன. இவற்றுள் எதை வாங்கலாம்? மேற்கொண்டு எந்த லென்ஸ்கள் தேவைப்படும்?

பதில்: நீங்கள் மூன்று கேமராக்களை ஒப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்கள், அவற்றை மூன்று லென்ஸ் குடும்பங்களாகப் பாருங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். ஃபிலிம் கேமராவின் பாடி என்பது ஒளி புகாத ஒரு பெட்டியும், குறித்த நேரம் மட்டும் திறந்து மூடும் ஷட்டரும், ஃபிலிமை ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தும் பொறியும் சேர்ந்தது. நல்ல நிலையில் உள்ள இரண்டு பாடிகளில் ஒரே ஃபிலிமைப் போட்டு, ஒரே லென்ஸைப் பூட்டி எடுத்தால், எந்தப் படம் எந்தப் பாடியில் எடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. படத்தை வரைவது லென்ஸ். அந்த லென்ஸை நினைத்த பாடியில் எல்லாம் பூட்டிவிடவும் முடியாது; ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு பூட்டு வளையத்தை, அதாவது மவுண்டை வைத்திருக்கிறது. பாடி பழுதானால் அதே மவுண்டில் இன்னொன்றைத் தேடிக்கொள்ளலாம்; பல ஆண்டுகளாக ஒவ்வொன்றாகச் சேர்த்த லென்ஸ்களை ஒரே நாளில் மாற்ற முடியாது. சம்பந்தம் பேசும்போது மாப்பிள்ளையை மட்டும் பார்க்காமல் குடும்பத்தையும் விசாரிப்பது போல, பாடியைப் பார்க்கும்போதே அதன் மவுண்டையும் விசாரித்துவிட வேண்டும்.

நிக்கானின் எஃப் மவுண்ட் 1959இல் வந்தது. இடையில் பல மாற்றங்கள் நேர்ந்தபோதும் பூட்டு வளையத்தின் அடிப்படை அளவு மாறவில்லை. 1977இல் ஏஐ என்ற முறை (லென்ஸின் திறப்பளவைப் பாடிக்குத் தெரிவிக்கும் இணைப்பு) வந்த பிறகு வெளியான, அப்பர்ச்சர் வளையம் (ஒளி புகும் திறப்பின் அளவை மாற்றுவது) உள்ள நிக்கான் லென்ஸ் ஏறக்குறைய எதுவானாலும் எஃப்எம்2இல் ஒழுங்காக இயங்கும். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் உண்டு. ஏஐ முறைக்கு முந்தைய, மாற்றியமைக்கப்படாத லென்ஸை எஃப்எம்2இல் வலிந்து பூட்டினால் பாடியில் உள்ள இணைப்பு வளையம் சேதமடையும். பிற்காலத்தில் வந்த ஜி வகை லென்ஸ்களில் அப்பர்ச்சர் வளையமே இல்லாததால் அவற்றை இந்தப் பாடியில் கட்டுப்படுத்த முடியாது. பென்டாக்ஸின் கே மவுண்ட் 1975இல் தொடங்கி இன்றுவரை தொடர்கிறது. கே1000 பாடியோ 1976 முதல் 1997 வரை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தயாரிக்கப்பட்டது. ஆகவே இவ்விரண்டு குடும்பங்களிலும் பழைய லென்ஸ்களுக்குப் பஞ்சம் வராது. கேனனின் எஃப்டி மவுண்ட் 1971இல் வந்து, 1987இல் அந்நிறுவனம் இஓஎஸ் வரிசைக்கு மாறியபோது நின்றுபோனது. எஃப்டி லென்ஸ்களின் தரத்தில் எந்தக் குறையும் இல்லை. அவற்றின் 50 மி.மீ. எஃப்/1.4 மிக அருமையான லென்ஸ் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு அகலும்). ஆனால் அதே நிறுவனத்தின் பிந்தைய இஓஎஸ் பாடிகளில்கூட, இடையில் ஒரு கண்ணாடியைச் செருகாமல் அவற்றால் தொலைவில் உள்ளதைக் குவிக்க முடியாது.

அடுத்தது மின்கலம். ஏஈ-1இன் ஷட்டர் மின்னணுவால் இயங்குவது. 6 வோல்ட் மின்கலம் தீர்ந்துவிட்டால் அதனால் ஒரு படம்கூட எடுக்க முடியாது. எஃப்எம்2, கே1000 இரண்டிலும் ஷட்டர் முழுக்க இயந்திர முறையில் இயங்குவதால், மின்கலம் தீர்ந்தாலும் ஒளிமானி மட்டுமே செயலிழக்கும். வெளிச்சத்தைக் கண்ணால் மதிப்பிட்டுத் தொடர்ந்து எடுக்கலாம். அந்த ஒளிமானிக்குத் தேவையான சிறிய பொத்தான் மின்கலம் கடிகாரக் கடைகளிலேயே கிடைப்பது. ஆண்டுக்கு ஒரே நாள் மட்டும் காட்டுக்குள் அனுமதி கிடைக்கும் கண்ணகி கோயிலுக்குப் பளியங்குடி வழியாக நடந்து ஏறி, உச்சியில் நிற்கும்போது கேமரா உயிரற்றுப் போனால், அடுத்த சித்திரை வரை காத்திருக்க வேண்டியதுதான். உங்கள் வேலைக்கு ஏஈ-1 வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

மீதமுள்ள இரண்டில் எஃப்எம்2 சற்றே மேல். 1982இல் வந்த அந்தப் பாடியின் ஷட்டர் நொடியில் 4000இல் ஒரு பங்கு வரை செல்லும். அதைவிட உங்களுக்கு முக்கியமானது, வியூஃபைண்டருக்குள் (கண் வைத்துப் பார்க்கும் சாளரத்துக்குள்) ஒளிமானியின் அளவைச் சிவப்பு விளக்குகளால் காட்டுவது. கே1000இல் ஒரு முள்தான் அசையும். விடியலுக்கு முன் சோதனைச் சாவடியில் ஜீப்புகள் நிற்கும் நேரத்தில் அந்த முள்ளைக் காண்பது கடினம். விலை எட்டவில்லை என்றால் எஃப்எம்2க்கு அண்ணனான 1977ஆம் ஆண்டின் எஃப்எம் பாடியைத் தேடுங்கள். அதன் உச்ச வேகம் 1000இல் ஒரு பங்கு என்பது உங்கள் படங்களுக்குத் தாராளம். அதுவும் கிடைக்காவிட்டால் கே1000ஐத் தயங்காமல் வாங்குங்கள். அதன் ஒளிமானிக்கு அணைக்கும் பொத்தான் கிடையாது என்பதால், பயன்படுத்தாதபோது லென்ஸ் மூடியைப் போட்டு வைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மின்கலம் வீணே கரையும்.

இனி லென்ஸ்கள். ஏலச்செடி மர நிழலில் வளர்வது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த நிழல்தான் உங்கள் லென்ஸைத் தீர்மானிக்கப் போகிறது. வெட்டவெளி வெயிலில் ஐஎஸ்ஓ 400 (ஃபிலிமின் ஒளி உணர்திறன் எண்) ஃபிலிமுக்கு எஃப்/16இல் நொடியில் 500இல் ஒரு பங்கு போதும். அடர்ந்த தோட்டத்துக்குள் நுழைந்ததும் வெளிச்சம் நூறில் ஒரு பங்கிற்கும் கீழே இறங்கிவிடலாம். அந்த அளவு நிழலில் அதே ஃபிலிமை எஃப்/2 லென்ஸில் ஏறத்தாழ 250இல் ஒரு பங்கில் எடுக்க முடிந்தால், எஃப்/4 திறப்புள்ள ஜூம் லென்ஸில் 60இல் ஒரு பங்குக்கு வந்துவிட நேரும். காய் எடுக்கும் விரல்கள் அந்த வேகத்தில் கலங்கித் தெரியும். எனவே ஜூம் லென்ஸை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். எஃப்/2 அல்லது அதைவிட அகலமாகத் திறக்கும், ஒரே குவியத் தூரம் (லென்ஸின் மி.மீ. எண்) கொண்ட லென்ஸ்களையே தேடுங்கள்.

கையில் வரும் 50 மி.மீ. லென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு குறைந்தது பத்து ரோல் எடுங்கள். அது ஏறத்தாழ 46 பாகைக் கோணத்தைக் காட்டும்; ஓர் ஆளை இடுப்பளவிலும், இருவர் பேசிக்கொண்டிருப்பதையும், ஜீப்பின் பின்படியில் நெருக்கி அமர்ந்திருப்பவர்களையும் இயல்பாக எடுக்கலாம். லயத்து வீட்டின் ஒற்றை அறைக்குள் நுழைந்ததும் முதுகு சுவரில் முட்டும்; அப்போதுதான் உங்களுக்கு இரண்டாவது லென்ஸ் தேவை. 35 மி.மீ. சுமார் 63 பாகையையும், 28 மி.மீ. சுமார் 75 பாகையையும் காட்டுகின்றன. அறையும் அடுப்பும் பிள்ளைகளும் ஒருசேரத் தெரிய வேண்டும் என்றால் 28 உதவும். ஆனால் ஓரத்தில் நிற்பவரின் முகத்தை அது இழுத்துக் காட்டும். நம்மை நம்பி வீட்டுக்குள் விட்ட ஒருவரின் முகத்தை அப்படி உருக்குலைப்பது எனக்கு ஒருபோதும் சரியாகப் பட்டதில்லை. ஆகவே உங்களுக்கு 35 மி.மீ. எஃப்/2 லென்ஸையே பரிந்துரைக்கிறேன். பலருக்கு இறுதியில் இந்த ஒன்றே கேமராவைவிட்டுக் கழலாமல் நின்றுவிடுகிறது.

மூன்றாவதாக, பணம் சேர்ந்த பிறகு, நிக்கானின் 105 மி.மீ. எஃப்/2.5. முகங்களுக்கென்றே பெயர்பெற்ற லென்ஸ் இது. 1984இல் பாகிஸ்தானின் நாசிர் பாக் அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த ஆப்கன் சிறுமியின் படம், எஃப்எம்2 பாடியிலும் இந்த 105 லென்ஸிலும் எடுக்கப்பட்டதே. கோயில் கூட்டத்துக்கு 200 மி.மீ. வேண்டுமா என்ற எண்ணம் உங்களுக்கு எழக்கூடும். வேண்டாம். கையில் பிடித்து எடுக்கும்போது குவியத் தூரத்தின் எண்ணுக்குக் குறையாத ஷட்டர் வேகம் தேவை என்பது நடைமுறை விதி. 200க்கு 250இல் ஒரு பங்கு வேண்டும், மரநிழலில் அது கிடைக்காது. மேலும் அந்த மலைப் பாதையில் மக்கள் உங்கள் தோளோடு தோளாகத்தான் நடக்கப் போகிறார்கள்.

கேள்வி (வாசகர், செங்கோட்டை): என்னிடம் கேனன் டிஜிட்டல் கேமராவும் 50 மி.மீ. எஃப்/1.8, 18–55 மி.மீ. என இரண்டு லென்ஸ்களும் இருக்கின்றன. ஃபிலிமில் பழக ஆசை. எல்லோரும் ஏஈ-1 வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அந்த ஆலோசனையைத் தள்ளிவிடுங்கள். ஏஈ-1 வாங்கினால் உங்கள் இரண்டு லென்ஸ்களுமே அதில் பூட்டா. முதலிலிருந்து எல்லாவற்றையும் வாங்க வேண்டிவரும். 1987 முதல் வந்த கேனன் இஓஎஸ் ஃபிலிம் பாடிகளில் ஒன்றைத் தேடுங்கள். இஓஎஸ் 30, இஓஎஸ் 5, இஓஎஸ் 300 போன்றவற்றுள் எது நல்ல நிலையில் கிடைத்தாலும் சரி. உங்கள் 50 மி.மீ. லென்ஸ், தானே குவிக்கும் வசதி உட்பட, அப்படியே அதில் வேலை செய்யும். பழமையின் அழகைத் தேடுவோர் இவற்றை நாடுவதில்லை என்பதால் விலையும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

18–55 லென்ஸ் இஎஃப்-எஸ் வகையைச் சேர்ந்தது. சிறிய சென்சாருக்காகச் செய்யப்பட்டது. அது ஃபிலிம் பாடியில் பூட்டாது, வலிந்து திருகவும் கூடாது. மற்ற நிறுவனங்கள் சிறிய சென்சாருக்கெனச் செய்த லென்ஸ்கள் சில பூட்டிக்கொள்ளும், ஆனால் படத்தின் நான்கு மூலைகளும் கறுத்துவிடும். ஒரு நல்ல மாற்றத்தையும் நீங்கள் காண்பீர்கள். டிஜிட்டல் பாடியில் 1.6 மடங்கு நெருக்கமாகக் காட்டி, வீட்டுக்குள் எடுக்கச் சிரமம் தந்த அதே 50 மி.மீ., 36க்கு 24 மி.மீ. ஃபிலிம் சட்டகத்தில் தன் இயல்பான கோணத்துக்குத் திரும்பிவிடும். பாடியை வாங்கும் முன் அதற்குரிய மின்கலம் எது என்று பாருங்கள். இவற்றுள் சிலவற்றுக்கு சிஆர்123ஏ, சிலவற்றுக்கு 2சிஆர்5 தேவை. மின்கலம் இல்லாமல் இவை எதுவும் இயங்கா என்பதால் பையில் எப்போதும் மாற்று ஒன்று இருக்கட்டும்.

கேள்வி (வாசகர், வண்டிப்பெரியாறு): தேயிலைத் தோட்டத்தில் பணியாற்றிய என் தந்தையார் வைத்திருந்த பென்டாக்ஸ் கேமராவைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். லென்ஸின் உள்ளே சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிகின்றன. இதைச் சரிசெய்யலாமா, வேறு லென்ஸ் வாங்குவதா?

பதில்: உங்கள் தந்தையாரின் கேமராவில் நீங்கள் கண்டது பூஞ்சை. மழை நாட்டில் லென்ஸ் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் நேரும் இழப்பு இது. கம்பத்தில் வெயில் காயும் அதே நாளில் மலை ஏறி வண்டிப்பெரியாற்றுக்கு வந்தால் காற்றில் ஈரம் கையில் ஒட்டுகிறது. இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கிவிட்டால் மாதக்கணக்கில் துணியே காய்வதில்லை. பூஞ்சை வித்து எல்லா லென்ஸ்களிலும் தூசியோடு தூசியாக இருக்கத்தான் செய்யும். காற்றின் ஈரப்பதம் தொடர்ந்து 65, 70 விழுக்காட்டுக்கு மேல் இருந்து, இருட்டும் சேர்ந்துவிட்டால் அது முளைத்து, கண்ணாடியின் மேல் படிந்த தூசியையும் எண்ணெய்ப் படலத்தையும் தின்று வளர்கிறது. வளரும்போது அது வெளியிடும் அமிலம்தான் உண்மையான பகை. நாளடைவில் கண்ணாடியின் மேற்பூச்சையும், பிறகு கண்ணாடியையுமே அது அரித்துவிடுகிறது.

சரிசெய்யலாமா என்பதற்கான விடை, எந்தக் கண்ணாடியில் எவ்வளவு காலமாக வளர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. அப்பர்ச்சரை முழுவதும் திறந்து, பின்புறமிருந்து சிறு டார்ச்சை அடித்து, சற்றுச் சாய்வாகப் பாருங்கள். முன்கண்ணாடியின் ஓரத்தில் இரண்டு மூன்று இழைகள் மட்டும் என்றால் படத்தில் அவற்றின் தடம் தெரியாது. உடனே ஒரு லென்ஸ் மெக்கானிக்கிடம் கொடுத்துத் துடைத்து வாங்கிவிடலாம். பின்கண்ணாடியில் நடுப்பகுதியை மூடிப் பரவியிருந்தால், துடைத்த பிறகும் அரித்த தடம் மங்கலாக நிற்கும். சூரியனுக்கு எதிரே எடுக்கும் படங்களில் ஒரு வெண்திரை படியும். அந்த நிலையில், பென்டாக்ஸ் குடும்பத்தில் 50 மி.மீ. லென்ஸ் ஏராளமாக உள்ளதால், பாடியை வைத்துக்கொண்டு வேறு லென்ஸைத் தேடுவதே செலவு குறைந்த வழி. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: தந்தையாரின் லென்ஸை எறிந்துவிடாதீர்கள். மென்மையாகப் படிய வேண்டிய முகங்களுக்கு அந்த மங்கலே சில நேரம் பொருந்திவரும்.

இனி வரும் லென்ஸைக் காப்பது எப்படி என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நான் என் 35 மி.மீ. லென்ஸை, பத்திரமாக இருக்கட்டும் என்று தோல் உறையிலேயே வைத்து, மர அலமாரியில் ஒரு மழைக்காலம் முழுவதும் பூட்டிவிட்டேன். திறந்தபோது அதன் நடுக்கண்ணாடி இரண்டும் வெளுத்திருந்தன. தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பயணத்துக்கு மட்டுமே அது உகந்தது. வீட்டில், இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவிலோ ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் பெட்டியிலோ சிலிக்கா ஜெல் மணிகளைத் துணிப்பையில் கட்டிப் போட்டு, அதனுடன் லென்ஸை வையுங்கள். சிறிய ஈரமானி ஒன்றை உள்ளே வைத்து, 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 30க்குக் கீழே நெடுநாள் போனால் உள்ளே இருக்கும் மசகு உலரக்கூடும். ஆரஞ்சு நிற மணிகள் பச்சையாகவோ நிறமிழந்தோ, நீல நிற மணிகள் இளஞ்சிவப்பாகவோ மாறினால் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். நீல மணிகளில் கோபால்ட் உப்பு இருப்பதால் சமையல் பாத்திரத்தில் வறுக்கக் கூடாது; இதற்கென்று தனிச் சட்டி வேண்டும். அரிசிக்குள் புதைத்து வைப்பதால் பயனில்லை. அரிசி மாவு லென்ஸுக்குள் புகுவதுதான் மிச்சம். எல்லாவற்றையும்விடச் சிறந்த காப்பு, வாரம் ஒருமுறையாவது அதை வெளியே எடுத்து வெளிச்சத்தில் படம் எடுப்பது. அதனால்தான் இந்த மலை நாட்டில் எட்டு லென்ஸ் சேர்ப்பவரைவிட, இரண்டை வைத்து ஓயாமல் எடுப்பவரின் லென்ஸ்கள் தெளிவாக இருக்கின்றன.

கேள்வி (வாசகர், கொழிஞ்சாம்பாறை): மாமாவிடமிருந்து ஜெனிட் கேமரா ஒன்று ஹீலியாஸ் 58 மி.மீ. எஃப்/2 லென்ஸுடன் கிடைத்தது. அந்த லென்ஸை மட்டும் நிக்கான் பாடியில் பூட்டிப் பயன்படுத்த ஒரு வளையம் வாங்கலாமா?

பதில்: வளையம் கிடைக்கும், ஆனால் நீங்கள் எதிர்பார்ப்பது நடக்காது. லென்ஸின் பூட்டு வளையத்திலிருந்து ஃபிலிம் வரையுள்ள தூரம் ஒவ்வொரு மவுண்டுக்கும் குறித்து வைக்கப்பட்ட ஒன்று. உங்கள் ஹீலியாஸின் எம்42 திருகு மவுண்டுக்கு அது 45.46 மி.மீ.; நிக்கானுக்கு 46.5 மி.மீ. ஆகவே நிக்கானில் பூட்டிய லென்ஸ், தான் நிற்க வேண்டிய இடத்தைவிட ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். அந்த ஒரு மில்லிமீட்டரால், அருகில் இருப்பவை தெளிவாக விழுந்தாலும், தொலைவில் தெரியும் வாளையாற்று மலை ஒருபோதும் குவியாது. திருத்தும் கண்ணாடியுடன் வரும் வளையங்கள் உண்டு. அவை லென்ஸின் தெளிவைக் கெடுக்கின்றன. பென்டாக்ஸ் கே மவுண்டின் தூரமும் அதே 45.46 மி.மீ. என்பதால் மெல்லிய வளையம் ஒன்றால் அதில் சரியாகப் பொருந்தும். கேனன் இஓஎஸ்ஸின் தூரம் 44 மி.மீ. என்பதால் அதிலும் பொருந்தும்.

என் கருத்தைக் கேட்டால், முதலில் ஜெனிட்டிலேயே சில ரோல் எடுங்கள். சோவியத் நாட்டின் கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் செய்யப்பட்ட முரட்டுக் கேமரா அது. உங்களிடம் இருப்பது ஜெனிட்-இ என்றால் அதன் ஷட்டர் 30இல் ஒரு பங்கு முதல் 500இல் ஒரு பங்கு வரை மட்டுமே செல்லும். செலினியம் ஒளிமானிக்கு மின்கலம் தேவையில்லை, ஆனால் வயதானால் அது குறைத்துக் காட்டும், எனவே நம்ப வேண்டாம். வியூஃபைண்டரில் தெரிவது சட்டகத்தின் மூன்றில் இரண்டு பங்கு அளவே என்பதால், நீங்கள் விட்டுவிட்டதாக நினைத்தவையும் நெகட்டிவில் வந்து நிற்கும். முகத்தை நெருங்கி எஃப்/2இல் எடுத்துப் பாருங்கள். பின்னால் உள்ள பனந்தோப்பு சுழன்று கரைவது போலத் தெரியும்; அந்த லென்ஸை இன்றும் பலர் தேடி வாங்குவது அதற்காகவே.

கேள்வி (வாசகர், போடிநாயக்கனூர்): மூடப்படும் ஸ்டுடியோ ஒன்றில் யாஷிகா மேட்-124ஜி விற்பனைக்கு வருகிறது. அதற்கு வேறு லென்ஸ் மாற்ற முடியாது என்கிறார்கள். அதை வாங்குவது அறிவுடைமையா?

பதில்: வாங்குங்கள். இரட்டை லென்ஸ் கொண்ட அந்தக் கேமராவில் 80 மி.மீ. எஃப்/3.5 லென்ஸ் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கிறது; சதுர நெகட்டிவில் அது ஏறக்குறைய 35 மி.மீ. கேமராவின் 50 மி.மீ. தரும் பார்வையைத் தரும். அதற்குரிய 120 என்ற அகல ஃபிலிமில் 12 படங்கள் மட்டுமே விழும். ஆனால் ஒவ்வொரு நெகட்டிவும் 56 மி.மீ. சதுரம், அதாவது 35 மி.மீ. சட்டகத்தைவிடப் பரப்பில் மூன்றரை மடங்குக்கும் மேல். பெரிதாக்கிப் பிரிண்ட் போடும்போது முகத்தின் தோலும் சேலையின் இழையும் தனித்தனியே நிற்பதை நீங்களே காண்பீர்கள்.

இன்னொரு சிறப்பும் உண்டு. கேமராவை வயிற்றருகே வைத்துத் தலை குனிந்துதான் இதில் பார்க்க வேண்டும். எதிரில் அமர்ந்திருக்கும் முதியவருக்குத் தம் முகத்தை நோக்கி ஒரு பொறி நீட்டப்படுவதாகத் தோன்றாது. உங்கள் குனிந்த தலையையே அவர் காண்பார். நம் ஊர் ஸ்டுடியோக்காரர்கள் ஒரு தலைமுறைக் காலம் இத்தகைய கேமராக்களை விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நம்புகிறேன். இதன் ஒளிமானி பாதரச மின்கலத்துக்காகச் செய்யப்பட்டது. அந்த மின்கலம் இப்போது விற்பனையில் இல்லை. ஒளிமானியைப் பொருட்படுத்தாமல் ஷட்டரின் நிலையை வைத்தே விலை பேசுங்கள். மெதுவான வேகங்களில் ஷட்டர் இழுத்துக்கொண்டு நின்றால் அதைத் துடைத்துச் சரிசெய்யும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (வாசகர், கூடலூர், தேனி மாவட்டம்): பழைய கேமராவையும் லென்ஸையும் நேரில் பார்த்து வாங்க மதுரைக்குச் செல்கிறேன். கடையிலேயே என்னென்ன சோதிக்க வேண்டும்?

பதில்: பகல் வெளிச்சம் உள்ள நேரத்தில் செல்லுங்கள், சிறு டார்ச்சும், புதிய மின்கலமும், ஒளி அளக்கும் செயலி உள்ள கைபேசியும் உங்களிடம் இருக்கட்டும்.

முதலில் லென்ஸைக் கழற்றித் தனியாகப் பாருங்கள். மேலே வண்டிப்பெரியாறு வாசகருக்குச் சொன்னபடி டார்ச்சால் பூஞ்சையைத் தேடுங்கள். முன்கண்ணாடியில் ஓரிரு கீறல்கள் இருந்தால் அஞ்ச வேண்டாம். பின்கண்ணாடியில் கீறல் இருந்தால் விட்டுவிடுங்கள். அப்பர்ச்சரை எஃப்/16க்கு வைத்து, பின்னால் உள்ள நெம்புகோலைத் தள்ளி விடுங்கள். தகடுகள் பளிச்சென்று மூடித் திறக்க வேண்டும். சோம்பலாக நகர்ந்தாலும், தகடுகளில் எண்ணெய் பளபளத்தாலும், படம் எடுக்கும் கணத்தில் அவை சரியான அளவுக்கு மூடாமல் படம் அளவுக்கு மீறி வெளுக்கும். குவிக்கும் வளையம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே சீராகச் சுழல வேண்டும்.

அடுத்து பாடியின் பின்கதவைத் திறங்கள். விளிம்புகளில் உள்ள கறுப்பு நுரை விரலில் பிசினாக ஒட்டினால் ஒளி கசியும். இது பெரிய குறையல்ல, குறைந்த செலவில் மாற்றலாம்; ஆனால் விலையைக் குறைத்துக் கேட்க நியாயமான காரணம். மின்கல அறையில் பச்சைப் படிவு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஷட்டரை ஒரு நொடியில் வைத்து அழுத்தி, காதால் எண்ணுங்கள். நொடிக்கு மிகுந்து இழுத்தால் உள்ளே மசகு இறுகியிருக்கிறது. லென்ஸ் இல்லாமல், பின்கதவு திறந்தபடி, வெளிச்சமான சுவரை நோக்கி உச்ச வேகத்தில் பலமுறை அழுத்திப் பாருங்கள். சட்டகம் முழுவதும் ஒரே அளவாக ஒளிர வேண்டும். ஒரு பக்கம் இருண்டால் அந்த வேகத்தில் படத்தின் ஒரு பாதி கறுத்துப்போகும். பழைய கேமராவின் தானியங்கி டைமரை மட்டும் தொடாதீர்கள். பல ஆண்டுகள் அசையாத அதை முடுக்கினால், பாதியில் சிக்கி ஷட்டரையும் சேர்த்து நிறுத்திவிடும் அபாயம் உண்டு.

லென்ஸைப் பூட்டிக் கடை வாசலுக்கு வந்து, தெருவின் மறுகோடியில் உள்ள கோபுரத்தையோ மின்கம்பத்தையோ பாருங்கள். வளையம் முடிவிலிக் குறியில் நிற்கும்போது அது வியூஃபைண்டரில் கூர்மையாக இருக்க வேண்டும். இல்லை என்றால் யாரோ லென்ஸைப் பிரித்துத் தவறாகப் பூட்டியிருக்கிறார்கள். ஒளிமானியைக் கைபேசியோடு ஒப்பிட்டு, ஒரு படி (ஒளி இருமடங்கு அல்லது பாதி) அளவுக்குள் பொருந்தினால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும், ஒரு ரோல் எடுத்துக் கழுவிப் பார்க்கும் வரை கேமராவைத் திருப்பித் தரும் உரிமையைக் கேட்டுப் பெறுங்கள். வெளியூர் விற்பனையாளர் ஒருவரிடம் வாய்வார்த்தையை நம்பி இதைக் கேட்காமல் விட்டு, ஒளி கசியும் பாடி ஒன்றைச் சுமந்து திரும்பியிருக்கிறேன். அதனால் இதை வலியுறுத்துகிறேன். அந்த முதல் ரோலில் அழகான படங்களைத் தேடாதீர்கள். ஒரே சுவரை, ஒரே வெளிச்சத்தில், ஷட்டரின் ஒவ்வொரு வேகத்திலும், அதற்கேற்ற அப்பர்ச்சரிலும் எடுத்து, ஒவ்வொரு சட்டகத்துக்கும் எண்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கழுவிய நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கையில், அத்தனை சட்டகங்களும் ஒரே அடர்த்தியில் இருந்தால் மீதிப் பணத்தைக் கொடுக்கலாம்.